எச்.ஐ.வி. பதிவுகளின் இரகசியம் (இந்தியா)

எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, சிகிச்சைக் குறிப்பு, ஆலோசகரிடம் ஒருவர் மனம்விட்டுச் சொன்னவை ஆகியவற்றை யார் வைத்திருக்கலாம், யாரிடம் காட்டலாம் என்று வரையறுக்கும் விதிகள். இந்தியாவில் இன்று இவற்றுக்கு அடிப்படை, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம். அது வருவதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் நீதிமன்றங்களே இந்த எல்லைக்கோட்டை வரைந்தன. சில முறை கோணலாகவும் வரைந்தன.

பெயரும் பூட்டும்

நாட்டின் முதல் தொற்றுகள் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சோதனைக்கு எடுத்த இரத்த மாதிரிகள், அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையவை. அதாவது, பதிவேட்டில் முதலில் ஏறியவர்கள் ஏற்கெனவே அரசின் பிடியில் இருந்தவர்கள்.

கோவாவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. 1989இல், இரத்த தானம் செய்த ஓர் இளைஞரின் பரிசோதனை முடிவு போலீஸாரின் கைக்குப் போக, அவர் 64 நாள் காவலில் வைக்கப்பட்டார். (அவர் பெயர் பின்னாளில் ஊரறிந்ததுதான். இந்தப் பொருளைப் பற்றிய கட்டுரையில் அது தேவையில்லை.) பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்றது. அதே 1989இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் இதே போக்கில் இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 1992இல் திரும்பப் பெறப்பட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாக்கோ) தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

பெயரில்லாத கணக்கு

1998 முதல் நாடு முழுவதும் நடந்துவந்த கண்காணிப்புக் கணக்கெடுப்பு வேறு வழியில் போனது. மகப்பேறு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் சிபிலிஸ் சோதனைக்காக எடுத்த இரத்தத்தில் மிச்சமிருப்பதை ஒதுக்கி, வயது, கல்வி, வசிப்பிடம் போன்ற சில விவரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, பெயரை நீக்கிவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதிப்பார்கள். எத்தனை பேருக்குத் தொற்று என்பது அரசுக்குத் தெரியும். யாருக்கு என்பது யாருக்குமே தெரியாது. இலவச மருந்து கிடைக்காத காலத்தில் இது நேர்மையான ஏற்பாடாக இருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்க முடியும் என்றான பிறகு, முடிவைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்ல வழியில்லாத சோதனை சரியா என்ற கேள்வி எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

‘எக்ஸ்’ வழக்கு

1995இல் உறவினரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னை வந்த நாகாலாந்து மருத்துவர் ஒருவர், ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தம் கொடுத்தார். தொற்று தெரியவந்தது, செய்தி கசிந்தது, நிச்சயித்திருந்த திருமணம் நின்றது. சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் அவர் சென்னைக்கே குடிபெயர்ந்தார். மருத்துவமனைமீது வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற ஏட்டில் அவர் ‘எக்ஸ்’, மருத்துவமனை ‘இசட்’. இப்படிப் பெயரை மறைத்து வழக்காடுவதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1997இலேயே அனுமதித்திருந்தது. தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்ட ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கு அது.

1998 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தரங்க உரிமை உண்டு, ஆனால் அது வரம்பற்றதல்ல, மணமகளின் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது அவர் தெரிந்துகொள்ளும் உரிமையே மேலோங்கும் என்றது. அத்தோடு நிற்கவில்லை. தொற்றுள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் சொல்லிவிட்டது. யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் அது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருமணம் பற்றிய அந்தக் கருத்துகள் வழக்குக்குத் தேவையில்லாதவை என்று விலக்கியது. தகவலை வெளியிட்டதில் தவறில்லை என்ற பகுதியோ அப்படியே நின்றது.

2017 சட்டம்

2014இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதா 2017 ஏப்ரலில் சட்டமாகி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. விவரம் அறிந்து தரும், எழுத்தில் பதிவான சம்மதம் இல்லாமல் ஒருவரது எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது என்பது 8ஆம் பிரிவு. விதிவிலக்குகளும் அதிலேயே உள்ளன: சிகிச்சைக்குத் தேவையென்றால் ஒரு மருத்துவப் பணியாளர் அதே நோயாளியைக் கவனிக்கும் இன்னொருவருக்குச் சொல்லலாம், நீதிமன்றம் ஆணையிட்டால் சொல்லலாம், ஆளை அடையாளம் காட்டாத புள்ளிவிவரத்தைத் தரலாம், திட்டத்தைக் கண்காணிக்கும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கும் தரலாம்.

‘எக்ஸ்’ வழக்கு எழுப்பிய கேள்விக்கு 9ஆம் பிரிவு நிதானமாகப் பதில் சொல்கிறது. துணைவருக்குத் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே. அதுவும், துணைவருக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாக வேண்டும். நான் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் நியாயமானதாக இருந்தால், குறிப்பாகப் பெண்களின் விஷயத்தில், சொல்லக் கூடாது. சட்டத்தின் ஆகச்சிறந்த பகுதி இதுதான்.

பதிவேடுகளைப் பற்றியது 11ஆம் பிரிவு. யார் திறந்து பார்க்கலாம், எப்படிப் பாதுகாப்பது, கசிந்தால் யார் பொறுப்பு என்பதை, இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்கள் என்று அழைக்கப்படும் பரிசோதனை மையங்களுக்கும், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களுக்கும் இது பொருந்தும். இலவச மருந்துத் திட்டம் 2004இல் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் ஒன்று தாம்பரத்தில் இருந்தது. இன்று நோயாளிகளின் விவரம் காகித அட்டையிலிருந்து நாக்கோவின் கணினித் தொகுப்புக்கு நகர்ந்திருக்கிறது. காகிதத்தை ஒரு அலமாரியில் பூட்டிவைக்கலாம். கணினியில் ஒவ்வொரு கடவுச்சொல்லும் ஒரு சாவி.

தண்டனையில்தான் சட்டம் இளகிவிடுகிறது. நீதிமன்ற நடவடிக்கையில் தெரியவந்த எச்.ஐ.வி. நிலையை வெளியிட்டால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 39ஆம் பிரிவு. வார்டில் படுக்கையருகே எழுதி ஒட்டுவதற்கோ, நடைபாதையில் உரக்கப் பேசுவதற்கோ அப்படித் தனியான தண்டனைப் பிரிவு இல்லை. பாதிக்கப்பட்டவர் நிறுவனத்தின் புகார் அலுவலரிடமோ, மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடமோ முறையிட வேண்டும். குறைதீர்ப்பாளரின் ஆணையையும் மீறினால்தான் 10,000 ரூபாய் வரை அபராதமும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வரை கூடுதல் அபராதமும்.