1898ஆம் ஆண்டுப் போரும் அமெரிக்கப் பேரரசும்

மிஷன் பாடசாலையிலே வாஷிங்டனின் விடுதலைப் போரை நாம் மனப்பாடஞ் செய்தோம். 1898ஆம் ஆண்டின் ஸ்பானியப் போரையோ இரண்டு வரியிற் கடந்தோம். கியூபாவை மீட்கவென்றே அப்போர் தொடங்கிற்று. பெப்ரவரி 15இல் ஹவானாத் துறைமுகத்தில் ‘மெயின்’ என்னும் போர்க்கப்பல் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம் தெளியுமுன்னரே பத்திரிகைகள் ஸ்பானியாமீது பழி சுமத்தின. ஆயினும் முதற் பெருஞ்சமர் மூண்டது கியூபாவிலன்று. மே 1இல், உலகின் மறுகோடியாகிய மணிலாக் குடாவிலே! தளபதி டூயியின் கப்பல்கள் ஒரே காலைப்பொழுதில் அங்கிருந்த ஸ்பானியக் கடற்படையை அழித்தன.

டிசம்பரிற் பாரிஸ் உடன்படிக்கையாற் புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவின் கைப்பட்டன. பிலிப்பைன் தீவுகளுக்கு விலை இரண்டு கோடி டொலர். கொடுத்தவரும் கொண்டவரும் அத்தீவினரைக் கேட்டாரல்லர். யூன் 12இலேயே சுதந்திரப் பிரகடனஞ் செய்த அகினால்டோவின் படை, 1899 பெப்ரவரியில் அமெரிக்கருடன் பொருத நேர்ந்தது. மணிலாவில் அமெரிக்கக் கொடி இறங்கியது 1946 யூலை 4இல். வாஷிங்டன் நாட்டாரின் சுதந்திர தினமும் அதுவே.