குரோஷா

பிரெஞ்சில் 'குரோஷே' என்றால் சிறு கொக்கி. நூலைப் பின்னும் அந்தக் கருவியின் பெயரே கைவேலைக்கும் ஆகிவந்தது. தமிழ்ப் பேச்சில் அது குரோஷா.

ஊசிகளால் பின்னும் வேலைக்கான 'நிட்டிங்' என்ற பெயர் பிறந்ததோ முடிச்சுப் போடுதலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து. ஆனால் அந்த வேலையில் முடிச்சுக்கு இடமில்லை. கண்ணிக்குள் கண்ணியை இழுத்தே துணி வளர்கிறது. ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படிபோலக் கீழ்வரை பிரியும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே கண்ணிதான் கொக்கியில் இருக்கும். பிரித்துப் போடுவது எளிது, புதிதாகப் பழகுபவருக்குப் பயமில்லை.

தமிழில் இரண்டுமே பின்னல்தான். திருப்பூரின் பின்னலாடை, பனியன் உட்பட, நிட்டிங் வகை. கண்ணிகளை இயந்திரம் போடுகிறது. அசல் குரோஷா மேலாடையோ இன்றும் கைவேலை.