பத்து வெள்ளிக்கு எத்தனை ரூபாய்?

மலாயாவின் கெடா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஊருக்குப் போன பணத்தின் வரலாற்றைக் கூலிக் கணக்கை மட்டும் வைத்து எழுத முடியாது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ கட்டிய பணம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எவ்வளவாகக் கைக்கு வரும் என்பதை முடிவு செய்தவை தொலைவிலிருந்த அரசுகள். கெடாவில் புழங்கிய நீரிணைக் குடியேற்ற வெள்ளி (டாலர்) 1906இல் 2 ஷில்லிங் 4 பென்ஸுக்கு நிலைநிறுத்தப்பட்டது. ரூபாய் அன்று 1 ஷில்லிங் 4 பென்ஸ். அனுப்பும் செலவு நீங்கலாக, பத்து வெள்ளிக்கு 17 ரூபாய் 8 அணா. இந்தியாவின் 1927 நாணயச் சட்டம் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸில் நிறுத்தியது. அதே பத்து வெள்ளி 15 ரூபாய் 9 அணாவைக்கூட எட்டவில்லை. பால்மரம் சீவிய உழைப்பில் ஒன்பதில் ஒரு பங்கு சட்டத்தோடு போயிற்று. அந்த விகிதத்தைப் பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் கடுமையாக எதிர்த்தார்; ஆனால் அவர் வாதாடியது இந்திய உற்பத்தியாளருக்காக.

ரூபாய் வலுத்தால் ஊரில் விலைவாசி இறங்கும், அதனால் இழப்பு ஈடாகிவிடும் என்று வாதிடலாம். அரிசி வாங்கவே பணம் போயிருந்தால் அது ஓரளவு சரி. ஆனால் கடனை அடைக்கவும் நிலத்தை மீட்கவும் போன பணத்துக்கு அது பொருந்தாது. கடன் பத்திரமும் நிலவரியும் ரூபாயில் எழுதப்பட்டவை. நெல் விலை சரிந்ததற்காக அசல் குறையவில்லை, விளைச்சலை விற்று அடைப்பதும் கடினமாயிற்று. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயை மதிப்பிறக்கிய பிறகே பத்து வெள்ளி ஏறத்தாழ 24½ ரூபாயாயிற்று. ஆகவே ‘மலேசியப் பணம் பெரிய பணம்’ என்ற பேச்சை முந்தைய தலைமுறையின் மீது ஏற்றுவது நியாயமில்லை.