கேட்டுப் பெற்ற தமிழ்: உ.வே.சா. தட்டிய கதவுகள்

சேதராப்பட்டில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் தன் ஆய்வுச் சந்தேகத்தை இன்று இரவே பாரிஸில் உள்ள பேராசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். ஆனால் பலர் அனுப்புவதில்லை. "இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்?" என்ற தயக்கம்தான் காரணம்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியைப் பிரித்தால், நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கோட்பாடுகள் பிடிபடவில்லை. குருவோ 1876லேயே காலமாகிவிட்டார். இனி யாரைக் கேட்பது?

அதே கும்பகோணத்தில் சமணர்கள் இருந்தார்கள். சந்திரநாத செட்டியார் வீட்டுக்கு உ.வே.சா. சென்ற நாளில் அங்கே விழாக்கோலம். என்ன விசேஷம் என்றால், சிந்தாமணியைப் படித்து முடித்ததற்கான கொண்டாட்டமாம்! புலவருக்குப் புரியாத நூல் அந்த வீட்டில் பாராயண நூல். சைவச் சூழலில் வளர்ந்தவர் கூச்சம் பார்க்காமல் உட்கார்ந்து பாடம் கேட்டார். திண்டிவனம் பக்கத்து வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினாரும் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தார். சமண நூலை இவர் பதிப்பிப்பதா என்ற முணுமுணுப்பையும் மீறி, 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அடுத்து மணிமேகலை. இப்போது பௌத்தம் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் கேட்கப் பௌத்தர் வீடு இல்லை, புத்தகங்களோ ஆங்கிலத்தில். மளூர் ரங்காசாரியார் அவற்றைப் படித்து விளக்கினார். 1898இல் மணிமேகலை வெளிவந்தது.

இடையில் கடல் கடந்தும் ஒரு நட்பு கிடைத்தது. பாரிஸில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன், அன்றைய பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான காரைக்காலில் வளர்ந்தவர். பாரிஸ் நூலகத்திலிருந்த தமிழ்ச் சுவடிகள் பற்றி இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கப்பலில் போய்க் கப்பலில் வரும் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

உ.வே.சா. கேட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். முதலில் தாமே படித்தார்; எங்கே தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் கேட்டார். உதவியவர்களின் பெயர்களை 'என் சரித்திரம்' நூலில் நன்றியோடு எழுதியும் வைத்தார்.

'தமிழ்த் தாத்தா' என்று இன்று நாம் கொண்டாடுபவர், தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதவர். அந்தத் துணிச்சல் இல்லையென்றால் வேகமான இணைய இணைப்பு இருந்தும் பயனில்லை.