கனிஷ்கா: அந்த 329 பேர் எந்த நாட்டுக்காரங்க?

 

காலிஸ்தான், கனடான்னு டிவில பேசுற எல்லாரும் 2023ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. சர்ரே நகர்ல ஹர்தீப் சிங் நிஜ்ஜார் சுட்டுக் கொல்லப்பட்டது, அதில் இந்தியாவுக்குத் தொடர்புன்னு ட்ரூடோ பாராளுமன்றத்துல சொன்னது, இந்தியா மறுத்தது.

நான் ஒரு பிணவறையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

1985 ஜூன் 23, ஞாயிறு. அயர்லாந்தின் கார்க் நகர அரசு மருத்துவமனை. கடல்ல இருந்து ஹெலிகாப்டர்ல உடல்கள் வந்துக்கிட்டே இருக்கு. மொத்தம் கிடைச்சது 131. டொராண்டோவுல இருந்து மாண்ட்ரியல், லண்டன் வழியா டெல்லி வரவேண்டிய ஏர் இந்தியா 182, 'கனிஷ்கா', 31,000 அடி உயரத்துல வெடிச்சுச் சிதறியிருந்தது. இறந்தவங்க 329 பேர். பள்ளி விடுமுறை தொடங்கிய நேரம், தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பின குழந்தைகளே 80க்கும் மேல.

போஸ்ட்மார்ட்டத்துல சில உடல்கள்ல காற்றழுத்தம் திடீர்னு குறைஞ்சதுக்கான அடையாளங்கள் இருந்துச்சு. கை கால்கள் காற்றில் வீசியடிக்கப்பட்ட காயங்களும் இருந்துச்சு. அதாவது விமானம் வானத்துலயே உடைஞ்சிருக்கு. ஒரு டாக்டரா அந்த வரிகளை அறிக்கையா மட்டும் வாசிக்க என்னால முடியல.

சரி, இது ஏன் நடந்துச்சு?

ஒரு வருஷம் பின்னாடி போகணும். 1984 ஜூன்ல பிந்தரன்வாலேயையும் ஆயுதக் குழுவையும் வெளியேத்த ராணுவம் பொற்கோயிலுக்குள்ள நுழைஞ்சது. குரு அர்ஜன் தேவ் நினைவு நாளுக்காக வந்த பக்தர்கள் உள்ளே இருந்தாங்க. அகால் தக்த் குண்டுகளால சிதைஞ்சது. அக்டோபர் 31 இந்திரா காந்தி கொலை. அடுத்த சில நாட்கள்ல டெல்லியில் மட்டும், அரசு கணக்குப்படி, 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டாங்க. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது 2018ல. எண்ணிப் பாருங்க, 34 வருஷம்.

சீழை வெளியேத்தாம தையல் போட்டா என்ன ஆகும்னு எங்க ஃபீல்டுல எல்லாருக்கும் தெரியும். டெல்லியில போட்டது அந்தத் தையல்தான். ஆனா அந்தக் கோபத்தை வச்சு குழந்தைங்க இருக்குற விமானத்துல குண்டு வச்சதை எந்த நியாயத்தாலயும் கழுவ முடியாது. இறந்தவங்கள்ல சீக்கியர்களும் இருந்தாங்கங்கிறதை மறந்துடாதீங்க.

குண்டு எப்படி ஏறுச்சுன்னு கேட்டா வயிறு எரியும்.

'எம். சிங்'ங்கிற பேர்ல ஒருத்தர் வான்கூவர் விமான நிலையத்துல பெட்டியை டெல்லி வரைக்கும் டேக் போடச் சொல்லி அடம் பிடிக்கிறார். டொராண்டோவுக்கு அப்புறம் அவர் டிக்கெட் உறுதியாகல. கவுன்ட்டர்ல இருந்தவங்க கடைசியில இறங்கி வந்துட்டாங்க. பெட்டி ஏறுச்சு, ஆள் ஏறல. டொராண்டோவுல எக்ஸ்ரே மெஷின் பாதியில பழுது. இன்னொரு பெட்டி ஜப்பானின் நரிட்டாவுல ஒரு மணி நேரம் முன்னாடியே வெடிச்சு, சுமை இறக்கின ரெண்டு ஊழியர்களைக் கொன்னது.

இதுக்கு மூணு வாரம் முன்னாடி, முக்கிய சந்தேக நபர் தல்விந்தர் சிங் பர்மாரை கனடா உளவுத்துறை பின்தொடர்ந்தது. டங்கன் ஊர் பக்கத்துக் காட்டுல பெரிய சத்தம் கேட்டுச்சு. துப்பாக்கின்னு நெனச்சுட்டாங்க. சோதனை வெடியா இருக்கலாம்னு யாருக்கும் தோணல. அவரோட போன் பேச்சுப் பதிவு நாடாக்கள்ல நூத்துக்கும் மேல அப்புறம் அழிச்சும் தொலைச்சாங்க!

2005ல ரெண்டு பேர் விடுதலை. முக்கிய சாட்சியா இருந்திருக்கவேண்டிய பத்திரிகையாசிரியர் தாரா சிங் ஹேயர் 1998லயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பர்மார் 1992ல பஞ்சாப் போலீஸ் கையில செத்தார். இந்த வழக்குல தண்டனை வாங்கினது குண்டு செய்ய உதவின இந்தர்ஜித் சிங் ரெயாத் ஒருத்தர் மட்டும்தான்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். இறந்தவங்கள்ல பெரும்பான்மை கனடா நாட்டவர். ஆனா பிரதமர் முல்ரோனி இரங்கல் சொல்ல போன் போட்டது ராஜீவ் காந்திக்கு! சொந்தக் குடிமக்கள் செத்ததை இந்தியாவோட துக்கமா பார்த்தாங்க. அந்தக் குடும்பங்கள் 2006 வரைக்கும் ஒரு பொது விசாரணைக்காகப் போராடினாங்க. கனடா அரசு மன்னிப்பு கேட்டது 2010ல.

இன்னொரு பக்கம், இன்னைக்கும் சில ஊர்வலங்கள்ல பர்மார் படம் தியாகி மாதிரி வைக்கப்படுது. பிள்ளையைக் கடல்ல விட்ட தாய் அதே ஊர்லதான் இருக்காங்க.

டொராண்டோவுலயும் வான்கூவர்லயும் நினைவிடம் வந்தது 2007ல. அயர்லாந்துல அஹாகிஸ்டாங்கிற கடலோரக் குக்கிராமத்துல 1986லயே வந்துடுச்சு. ஒவ்வொரு ஜூன் 23லயும் குடும்பங்கள் அங்க போகும்போது, ஊர்க்காரங்களும் வந்து கூட நிக்கிறாங்க.