பாகூர் வண்டியும் பெழோ எஞ்சினும்

சென்ற மாதம் பாகூரிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கவில்லை, "மாமா, நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும். அம்மா என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்றான். நிலத் தகராறோ என்று பயந்துவிட்டேன். விஷயம் அதுவல்ல. வீட்டில் நிற்கும் பழைய ஜீப் பிக்கப்பை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்கிறான் அவன். அது அவர் ஓட்டிய வண்டி, விற்கக் கூடாது என்கிறாள் என் தங்கை. மாப்பிள்ளை தவறி ஐந்து வருஷம் ஆகிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவன். அதில் சில வருஷம் வாகனக் கணக்கு என் மேஜையில் இருந்தது. லாக் புத்தகம் சரிபார்ப்பது, டீசல் கணக்கு எழுதுவது, ஓடாத வண்டியைக் கழித்து ஏலத்துக்கு அனுப்பக் குறிப்பு வைப்பது எல்லாம் எனக்குப் பழக்கம். ஆகவே நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். மஹிந்திரா ஜீப்; பின்னால் திறந்த தொட்டி வைத்தது; நான்கு சக்கரமும் இழுக்கும். 1980களின் கடைசியில் பதிவான வண்டியை மாப்பிள்ளை 1993இல் இரண்டாம் கையாக வாங்கினார். கரும்பு, தேங்காய், வைக்கோல், உர மூட்டை, கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் என்று அது ஏற்றாதது இல்லை. பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன கியர் கம்பிகள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மற்றொன்றைத் தள்ளினால் வண்டி ஆமை வேகத்தில் போகும், ஆனால் சேற்றிலிருந்து யானை மாதிரி ஏறி வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. மறுநாள் மரங்கள் விழுந்து கிடந்த தெருக்களை விட்டு, வயல் வழியே சுற்றி, ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை மெயின் ரோடு வரை கொண்டு சேர்த்தது இந்த வண்டிதான்.

இந்த வண்டியோடு எனக்குத் தனியாக ஓர் உறவும் உண்டு. மெக்கானிக் இதைப் 'பீஜாட் எஞ்சின்' என்பார். முதன்முறை அதைக் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. பேப்பரை வாங்கிப் பார்த்தால், பெழோ! பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, பாகூர் வயலில் புகை விட்டுக்கொண்டு நின்றது ஒரு பிரெஞ்சு எஞ்சின் என்று தெரிந்ததும் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. மஹிந்திரா கம்பெனி 1970களின் இறுதியில் பெழோவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அந்த டீசல் எஞ்சினை இங்கேயே செய்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். மொத்தம் 2112 சி.சி.

எஞ்சின் பிரான்சு என்றால் உடம்பு அமெரிக்கா. 1940 ஜூலையில் அமெரிக்கப் படை 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. கால் டன் சுமக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும், எடை குறைந்த வண்டி வேண்டும்; முதல் வண்டியை 49 நாளில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பேன்டம் என்னும் சின்னக் கம்பெனி அந்தக் கெடுவுக்குள் செய்து கொடுத்தது. ஆனால் அத்தனை வண்டி செய்யும் வசதி அதற்கு இல்லை என்று வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளிடம் பெரிய ஆர்டர் போனது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் உருண்டன. யுத்தம் ஓய்ந்ததும் வில்லிஸ் அதையே விவசாயிக்கு விற்கப் பார்த்தது. 1947இல் ஜீப்பின் முகத்தை வைத்து, உடம்பை நீட்டி, பின்னால் தொட்டி போட்டு ஒரு பிக்கப்பும் செய்தது. நம் ஊர் ஜீப் பிக்கப்புகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் அதுதான். பம்பாயில் 1945இல் மஹிந்திரா அண்டு முகமது என்று தொடங்கிய கம்பெனி, கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போய்விட்டதால் 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. இந்தியாவுக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது அந்தக் கம்பெனிதான்.

இனி, பழசா புதுசா என்ற கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வி பிரெஞ்சுப் படைக்கும் வந்தது. எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா, தான் ஓட்டிய ஜீப்பைப் பற்றி மாலை முழுக்கப் பேசுவார். எனக்கு இந்தக் கதையில் ஆசை வந்தது அவரால்தான். யுத்தம் முடிந்தபோது பிரெஞ்சுப் படையிடம் ஏராளமான அமெரிக்க ஜீப்புகள் இருந்தன. பிறகு ஓச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி உரிமம் வாங்கி அதே ஜீப்பை எம் 201 என்ற பெயரில் 1966 வரை, 27,000க்கு மேல் செய்து கொடுத்தது. அடுத்த வண்டியை மூன்று நாடும் சேர்ந்து செய்வோம் என்று பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, திட்டம் கைவிடப்பட்டது. கமிட்டி என்றால் எந்த நாட்டிலும் கமிட்டிதான் போலிருக்கிறது.

கடைசியில் மூன்று பிரெஞ்சுக் கம்பெனிகள் மூன்று வண்டிகளைக் கொண்டுவந்தன. மூன்றுக்கும் மூலம் வெளிநாடு. சித்ரோயேன் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வேகனை ஒட்டியது. ரெனோவுடையது ஃபியட்டை ஒட்டியது. பெழோவுடையது மெர்சிடிஸை ஒட்டியது. 1981இல் பெழோ தேர்வாகி, பி 4 என்ற பெயரில் படைக்கு வந்தது. அதன் டீசல் எஞ்சின் 2.5 லிட்டர். நம் பாகூர் வண்டியின் எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சின்னவன், பெரியவன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதில் நான் கவனித்தது இரண்டு விஷயம். கால் டன் வண்டி இருந்த இடத்துக்கு முக்கால் டன் சுமக்கும் வண்டியைக் கொண்டுவந்தார்கள். வேலை பெருத்துவிட்டது, பழைய வண்டி போதவில்லை. இரண்டாவது, பி 4 வந்த அன்றே பழைய ஜீப்பையெல்லாம் தூக்கி எறிந்துவிடவில்லை. ஓடுகிற வரையில் ஓட்டினார்கள். வண்டியைக் கழிப்பதற்குப் பிரெஞ்சில் 'ரெஃபோர்ம்' என்று பெயர். படைக் குதிரைக்கும் அதே சொல், உடல் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் சிப்பாய்க்கும் அதே சொல். வயதைப் பார்த்துச் சொல்லும் சொல் அல்ல அது. வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்வது.

நம் அரசாங்கம் இப்போது வயதைத்தான் பார்க்கிறது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு கிடையாது. சொந்த வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே சட்டத்தைக் காட்டி நான் தப்பிக்க முடியவில்லை.

பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். வைத்துக்கொள்வதற்கான காரணங்கள் ஒரு பக்கம்: கடன் இல்லை, எலக்ட்ரானிக் சாமான் எதுவும் இல்லை, பாட்டரி செத்தாலும் நாலு பேர் தள்ளினால் கிளம்பும், பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கின்றன. மாற்றுவதற்கான காரணங்கள் மறு பக்கம்: நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதுவும் மழையில் நனைந்தால் பிடிக்காது; சீட் பெல்ட் இல்லை; ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிமை வேண்டும்; டீசல் பம்ப் தெரிந்த மெக்கானிக்குக்கு என் வயது, அவருக்குப் பின் ஆள் இல்லை; எல்லாவற்றுக்கும் மேலாக, பேத்தி பள்ளிக்கூடம் போவது அந்த வண்டியில். கடைசி வரியை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். விற்கலாம் என்று குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு பாகூர் போனேன்.

தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். திண்ணையில் உட்கார்ந்து, குறிப்பைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"இந்த வண்டி வாங்குறதுக்காக ஒரு ஜோடி மாட்டை வித்தாரு, ஞாபகம் இருக்கா அண்ணே? ரெண்டு நாள் நான் சோறு திங்கல. மாடு கிழமாயிடுச்சுன்னு விக்கலம்மா, வேலை பெரிசாயிடுச்சு, அதுங்களால முடியலன்னுதான் விக்கறேன்னாரு. நான்தான் அழுதேன். அவரும் அழுதாரு, எனக்குத் தெரியாம, கொட்டாயில."

எனக்குப் பேச்சு வரவில்லை. பிரெஞ்சுப் படை பத்து வருஷம் பேசித் தெரிந்துகொண்டதை மாப்பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் மகன் பக்கம் திரும்பினாள். "சரி, மாத்திக்க. புது வண்டி மழைக்காலத்துல ஏரிக்கரை ஏறுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். அவன் விசாரித்து வைத்திருந்தது போலேரோ கேம்பர், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை. நாலு சக்கரமும் இழுப்பதற்கு விலை அதிகம். "மழை வருஷத்துல நாலு வாரம்தானேம்மா" என்றான்.

"அந்த நாலு வாரத்துக்குத்தான் உங்கப்பா இத வாங்கினாரு" என்றாள்.

நான் கையில் வைத்திருந்த குறிப்பைப் பார்த்தேன். பிரேக் இருந்தது, பெல்ட் இருந்தது, மெக்கானிக் வயது கூட இருந்தது. ஏரிக்கரை இல்லை. கோப்பில் எல்லாம் எழுதிவிட்டு முக்கியமான ஒன்றை விடுவது எங்கள் இனத்துக்கே உள்ள வியாதி.

முடிவு இதுதான். நாலு சக்கரமும் இழுக்கும் வகையையே வாங்குவது. விலை வித்தியாசத்தில் பாதி தங்கை கொடுப்பது. புது வண்டி ஒரு மழைக்காலம் ஓடிக் காட்டும் வரை பழையது கொட்டகையிலேயே நிற்பது. அதற்குள் பெழோ எஞ்சினை அறிந்த ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தால் தங்கையே பேசி முடிப்பாள்.

உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு கொட்டகை இருக்கும், அதில் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அது எத்தனை வருஷத்துப் பழசு என்று கேட்பதற்கு முன், முதன்முதலில் அதை எதற்காக வாங்கினீர்கள் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.