இருநூறு கெஜம்: காட்டெருமைகளைத் தீர்த்துக்கட்டிய தூரம்

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மனப்பாடமாக இருக்கும். பாறை உச்சியில் ஒருவன் துப்பாக்கியோடு படுத்திருப்பான். கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு புள்ளி நகரும். 'டுமீல்!' புள்ளி சுருண்டு விழும்.

கதையில் சரி. நிஜத்தில்?

உலகத்திலேயே மிகப் பரந்த புல்வெளிகளில் ஒன்று, வட அமெரிக்காவின் பெரும் சமவெளி. மரம் கிடையாது, மறைப்பு கிடையாது, அடிவானம் வரை வெட்டவெளி. 1870களில் அங்கே காட்டெருமைகளைச் சுடுவதையே தொழிலாக வைத்திருந்த மனிதர்கள் இருந்தார்கள். கையில் அன்றைய தேதியில் உலகின் மிகச் சிறந்த துப்பாக்கிகள். அவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள்?

பெரும்பாலும் 200 முதல் 300 கெஜம். பல சமயம் அதைவிடக் குறைவு. இரண்டு, மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் போட்டால் வருகிற தூரம், அவ்வளவுதான்.

கைவசம் இருந்த துப்பாக்கி அதைவிடப் பல மடங்கு தூரம் சுடும். பிறகு ஏன் 200 கெஜம்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சோகக் கதை இருக்கிறது. கொஞ்சம் வணிகவியலும் இருக்கிறது!

முதலில், சில அடி தூரம்

அமெரிக்கக் காட்டெருமை சாதாரணப் பிராணி இல்லை. வளர்ந்த காளை தோள் வரைக்கும் ஆறடி உயரம், எடை 900 கிலோ வரை போகும். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பார்வை சுமார்தான். ஆனால் மோப்பம் அபாரம்.

குதிரை வருவதற்கு முன்னால் அங்கிருந்த பூர்வகுடி மக்கள் இவற்றை வேட்டையாடக் கூட்டாக வேலை செய்தார்கள். மந்தையை மெல்ல மெல்லத் திருப்பி, செங்குத்தான பாறை விளிம்புக்கு ஓட்டி, கீழே விழவைப்பது ஒரு முறை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இப்படி ஓர் இடம் ஏறக்குறைய 6,000 ஆண்டுகள் பயன்பட்டிருக்கிறது. 1981ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து சமவெளி மக்களிடம் பரவின. வேட்டை முறையே மாறிப்போனது. ஓடுகிற மந்தைக்குள் குதிரையை விட்டு, ஒரு எருமைக்குப் பக்கத்தில் போய், சில அடி தூரத்தில் குட்டையான வில்லால் விலாவுக்குள் அம்பைச் செலுத்துவார்கள். குதிரை தடுக்கினால் வேட்டைக்காரன் காலி.

அப்போது துப்பாக்கி கிடைக்காமல் இல்லை. ஆனால் பழைய துப்பாக்கியில் குழாயின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். பாய்ந்து ஓடும் குதிரையில் அது எவ்வளவு சிரமம்! ஒரு குண்டு போடுகிற நேரத்தில் வில்காரன் பல அம்புகளை விட்டுவிடுவான். அதனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் எருமை வேட்டையில் வில்லுக்கு மவுசு குறையவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, நெருங்கிச் சுடும் இந்த முறைக்குள்ளேயே ஒரு வரம்பு இருந்தது. முதல் அடியிலேயே மந்தை மிரண்டு ஓடிவிடும். குதிரை களைக்கும். ஒரு ஓட்டத்தில் ஒருவன் ஒரு சில எருமைகளைத்தான் சாய்க்க முடியும்.

1871ல் என்ன நடந்தது?

அதுவரை எருமைத் தோலுக்கு வியாபாரம் இருந்தது, ஆனால் அது முடியோடு கூடிய போர்வைத் தோல். குளிர்காலத்தில் முடி அடர்த்தியாக இருக்கும்போது கொன்றால்தான் விலை போகும். பூர்வகுடிப் பெண்கள் நாள்கணக்கில் உழைத்துப் பதப்படுத்த வேண்டும். பூர்வகுடிகளே இந்த வியாபாரத்துக்காக எருமைகளைக் கணிசமாக வேட்டையாடியதும் உண்மை. ஆனாலும், பதப்படுத்தும் கைகள் எத்தனையோ அத்தனை தோல்தான் சந்தைக்கு வரும்.

1871 வாக்கில் ஐரோப்பாவில் எருமைத் தோலை மலிவாகப் பதனிட்டு உறுதியான தோலாக மாற்றும் முறை வந்துவிட்டது. தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பட்டை, காலணிகளுக்கு அடித்தோல் எல்லாவற்றுக்கும் அது உதவியது. இனி முடி தேவையில்லை, குளிர்காலத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பச்சைத் தோலை உரித்து, காயவைத்து, அப்படியே ரயிலில் ஏற்றலாம். 1872 செப்டம்பரில் சாண்டா ஃபே ரயில் பாதை கன்சாஸின் டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்ந்தது. ஒரு தோலுக்குச் சுமார் 3 டாலர் கிடைக்கும் என்றதும் ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு கிளம்பினார்கள்.

ஏன் 200 கெஜம்?

இந்தத் தோல் வேட்டைக்காரர்கள் குதிரையில் துரத்தவில்லை. காற்றுக்கு எதிர்த்திசையில், அதாவது தங்கள் வாடை மந்தைக்குப் போகாத பக்கமாக, தவழ்ந்து போய் ஒரு மேட்டில் அமர்வார்கள். இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி ஊன்றி, அதன்மேல் துப்பாக்கியை வைப்பார்கள். சும்மாவா, 5, 6 கிலோ கனம்! மந்தையை நடத்திச் செல்லும் கிழட்டுப் பசு எது என்று பார்த்து, அதன் நுரையீரலில் முதல் குண்டு.

இதயத்தில் சுட்டால் எருமை தறிகெட்டு ஓடும், மற்றவையும் பின்னால் ஓடும். நுரையீரலில் பட்டால் சில எட்டு வைத்து, ரத்தம் கக்கி நின்றுவிடும். மற்ற எருமைகள் என்ன ஏதென்று புரியாமல் சுற்றிவந்து மோந்து பார்க்கும். எது மந்தையை விட்டு விலகப் பார்க்கிறதோ அதற்கு அடுத்த குண்டு. இப்படி மந்தை ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கிவிட்டால் வேட்டைக்காரன் எழுந்திருக்கவே வேண்டாம்.

இந்த உத்தி பலிக்க வேண்டுமானால் தூரம் சரியாக இருக்க வேண்டும்.

மிகவும் நெருங்கினால்? அன்றைய கருமருந்து பெரிய சத்தமும் வெண்புகையும் கிளப்பும். 50 கெஜத்தில் இது நடந்தால் மந்தை ஆபத்து எங்கே என்று புரிந்துகொண்டு பறந்துவிடும். 200 கெஜத்துக்கு அப்பால் அதே சத்தம் எருமைக்குத் தன்னோடு சம்பந்தமில்லாத ஏதோ ஓர் ஓசை.

மிகவும் விலகினால்? ஷார்ப்ஸ் துப்பாக்கியின் குண்டு கனமானது, 30 கிராம் வரை இருக்கும். ஆனால் மெதுவானது, விநாடிக்கு 400 மீட்டர் அளவில்தான் கிளம்பும். அதனால் அதன் பாதை நேர்கோடாக இருக்காது, எறிந்த கல் மாதிரி வளைந்து இறங்கும். 100 கெஜத்துக்குச் சரியாகக் குறி அமைத்த துப்பாக்கியில், 200 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டடி கீழே போகும். 300 கெஜத்தில் ஆறடிக்கும் மேல், அதாவது ஒரு எருமையின் முழு உயரத்துக்கு! தூரத்தைத் தவறாகக் கணித்தால் குண்டு மண்ணில் இறங்கும், அல்லது காலை ஒடிக்கும். காயம்பட்ட எருமை ஓடினால் மந்தையே ஓடும்.

வெட்டவெளியில் தூரத்தைக் கண்ணால் கணிப்பதோ மகா கஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரம்கூட இருக்காது.

ஆக, 200 கெஜம் என்பது துப்பாக்கியின் எல்லை இல்லை. எருமை பயப்படத் தொடங்கும் தூரத்துக்கும், குறி தவறத் தொடங்கும் தூரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சந்து. அந்தச் சந்தில் உட்கார்ந்தவன் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

என்ன செய்தான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ரிச்சர்ட் டாட்ஜ் என்ற ராணுவ அதிகாரி, 200 கெஜம் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் 112 எருமைப் பிணங்களைத் தானே எண்ணியதாக எழுதியிருக்கிறார். அத்தனையும் ஒரே ஆள், ஒரே இடத்தில் இருந்தபடி, முக்கால் மணி நேரத்துக்குள் சுட்டது.

அப்படியானால் அந்த 1,538 கெஜம்?

இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் உடனே கேட்பார்கள், பில்லி டிக்ஸன் சுட்டது என்னாச்சு என்று.

1874 ஜூன் 27ல் டெக்ஸாஸின் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் இருந்த எருமை வேட்டைக்காரர்களைக் கொமாஞ்சி, கயோவா, ஷயென் வீரர்கள் தாக்கினார்கள். தங்கள் சோற்றில் மண் போடுபவர்கள் இவர்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. முற்றுகையின் மூன்றாம் நாள் தூரத்து மேட்டில் நின்ற குதிரை வீரர்களில் ஒருவரை டிக்ஸன் சுட்டு வீழ்த்தினார். அந்தத் தூரம் 1,538 கெஜம் என்று சொல்லப்படுகிறது, கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர். அளவு சரிதானா என்ற சர்ச்சை இன்றும் உண்டு. ஆனால் டிக்ஸனே அதைத் தன் திறமை என்று சொல்லிக்கொள்ளவில்லை, குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னார். ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதும், ஒரு எருமையின் நுரையீரலைப் பார்த்துச் சுடுவதும் ஒன்றல்ல.

அதே 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அமெரிக்க, அயர்லாந்து அணிகள் மோதின. 800, 900, 1,000 கெஜத்தில் குறி. அமெரிக்க அணி ஷார்ப்ஸ், ரெமிங்டன் துப்பாக்கிகளோடு 934க்கு 931 என்று மயிரிழையில் ஜெயித்தது. அங்கே தூரம் அளந்து வைக்கப்பட்டிருந்தது, பலகை நகராது, தவறினால் புள்ளிகள்தான் போகும். சமவெளியில் தவறினால் அன்றைய வருமானமே போகும். அதனால்தான் 1,000 கெஜம் சுடக்கூடிய துப்பாக்கி 200 கெஜத்தில் பயன்பட்டது.

கணக்குப் புத்தகம்

வேட்டைக்காரன் தனியாள் இல்லை. தோல் உரிப்பவர்கள், வண்டி, மாடு, ஈயம், மருந்து எல்லாம் முதலீடு. ராத்திரி உட்கார்ந்து காலித் தோட்டாக்களில் மருந்து நிரப்பி மறுபடி பயன்படுத்துவார்கள். குண்டு வீணானால் நஷ்டம். உரிக்கிற கைகளை மீறிச் சுட்டாலும் நஷ்டம்.

ஆரம்பத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியவில்லை. டாட்ஜின் மதிப்பீட்டில், 1872ல் சந்தைக்கு வந்த ஒவ்வொரு தோலுக்கும் மூன்று எருமைகள் செத்தன. 1873ல் இரண்டு. 1874ல் 100 தோலுக்கு 125 எருமைகள்தான். வேட்டைக்காரர்கள் திறமைசாலிகளாகிவிட்டார்கள், விரயம் குறைந்துவிட்டது. ஆனால் எருமைகள் தப்பின என்று அர்த்தமில்லை. செலவு குறைந்தது, லாபம் கூடியது, அவ்வளவுதான்.

சரக்கு இவ்வளவு குவிந்தால் விலை விழ வேண்டாமா? வேட்டை தானாக நின்றிருக்க வேண்டாமா? ஸ்காட் டெய்லர் என்ற பொருளாதார அறிஞர் 2011ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை சொன்னார். தோல்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. அங்கே இருந்த தோல் சந்தை கடல் மாதிரி, எருமைத் தோல் அதில் ஒரு வாளித் தண்ணீர். எவ்வளவு போட்டாலும் விலை பெரிதாக இறங்கவில்லை. இந்தப் பக்கம் எருமைக்குச் சொந்தக்காரன் யாருமில்லை. இன்று நான் சுடாவிட்டால் நாளை இன்னொருவன் சுடுவான் என்ற நிலையில் யார் நிறுத்துவார்கள்?

அரசாங்கமும் நிறுத்தவில்லை. பெண் எருமைகளைக் காக்க 1874ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போடாமலே அதைக் காலாவதியாக்கினார். எருமை போனால் பூர்வகுடிகள் பட்டினியில் பணிவார்கள் என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்த பலருக்கும் இருந்தது. அப்படியே நடந்தது.

மிச்சம்

1870களின் முடிவில் தெற்கு மந்தை இல்லை. 1883 வாக்கில் வடக்கு மந்தையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் இருந்த பிராணியை 1889ல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது, கூண்டில் இருந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 1,091. அமெரிக்காவில் பாதுகாப்பின்றிச் சுற்றித் திரிந்தவை வெறும் 85. கடைசியில் எலும்புகளையும் பொறுக்கி உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் ரயிலில் ஏற்றினார்கள்.

1894ல் யெல்லோஸ்டோனில் வேட்டைக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. 1907ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலிருந்து 15 எருமைகள் ரயிலேறி ஒக்லஹோமாவுக்குப் போயின. எந்த ரயில் தோலைக் கொண்டுபோனதோ அதே ரயில்! இன்று வட அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை வணிகப் பண்ணைகளில். 2016ல் அமெரிக்கா அதைத் தன் தேசியப் பாலூட்டியாக அறிவித்தது.

துப்பாக்கி வந்ததால் எருமை அழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது சுலபம். சில அடி தூரத்தில் நின்று கொல்லும்போது எருமைக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது, வேட்டைக்காரனுக்கும் ஒரு பயம் இருந்தது. 200 கெஜத்தில் அந்தப் பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் ஒரு சட்டமாவது இருந்திருக்க வேண்டும். இருந்தது 3 டாலர் விலை மட்டும்தான்.